நோட்டீஸ் போர்டில் வராத வேலைகள்

வாசகர் கேள்வி, பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். ஜூலை மாதம் என்றாலே அப்படித்தான். அட்மிஷன் முடிந்து, ஹாஸ்டல் டெபாசிட் கட்டி, ஸ்வெட்டரும் குடையும் வாங்கியபின் கையில் என்ன மிச்சம் என்று எண்ணிப் பார்க்கும் நேரம். ‘படித்துக்கொண்டே காலேஜுக்குள்ளேயே சம்பாதிக்க வழி உண்டா?’ என்று ஊட்டி, கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்டிருக்கிறார்கள்.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் நீலகிரியில் கல்லூரி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, பில் போட்டு, வவுச்சர் ஒட்டி, தணிக்கைக்கு வருகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். எனக்குப் பாடம் நடத்தத் தெரியாது. கல்லூரிப் பணம் எந்த வழியாக வெளியே போகும் என்பது தெரியும். அதை வைத்துத்தான் பதில்கள்.

*

கேள்வி: சார், ஊட்டியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் சோலூர்மட்டம் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. பச்சைத் தேயிலை விலை எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஹாஸ்டலில் இருக்கிறேன். கடைகளுக்கு வேலைக்குப் போக வீட்டிலும் விடமாட்டார்கள், வார்டனும் விடமாட்டார். நோட்டீஸ் போர்டைத் தினமும் பார்க்கிறேன். ஒரு அறிவிப்புகூட வந்ததில்லை. காலேஜுக்குள் மாணவிகளுக்குச் சம்பளத்தோடு வேலை உண்டா, இல்லையா?
(மாணவி, கோத்தகிரி வட்டம்)

பதில்: உண்டம்மா. ஆனால் நோட்டீஸ் போர்டில் வராது. மூன்று வாரத்துக்கு ஒரு ஆள் வேண்டும் என்றால் எந்தத் துறைத் தலைவரும் அறிவிப்பு எழுதி, முதல்வரிடம் கையெழுத்து வாங்கி, போர்டில் ஒட்டி, வருகிற முப்பது பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு இருக்க மாட்டார். கண்ணில் பட்ட பிள்ளையைக் கூப்பிடுவார். அந்த நேரத்தில் உங்கள் பெயர் அவர் ஞாபகத்துக்கு வர வேண்டும்.

கல்லூரியில் ஒரு ரூபாய் வெளியே போக வேண்டும் என்றாலும் அதற்குக் கணக்கில் ஒரு செலவுத் தலைப்பு வேண்டும். ‘பாவம், கஷ்டப்படுகிற பெண்’ என்று முதல்வர் நினைத்தாலும் எடுத்துக் கொடுக்க முடியாது, தணிக்கையில் மாட்டுவார். ஆகவே ‘ஏதாவது வேலை இருக்கா மேடம்’ என்று துறை துறையாக ஏறி இறங்குவதில் பிரயோஜனம் குறைவு. மாணவருக்குக் கூலி கொடுக்க இடமுள்ள பணம் யார் பொறுப்பில் இருக்கிறது என்று விசாரியுங்கள். அவரிடம் மட்டும் போங்கள்.

யாரிடம் இருக்கும்? முதலில் ஆராய்ச்சித் திட்டம் வாங்கிய பேராசிரியர்கள். இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு போன்ற இடங்களிலிருந்து திட்டம் வந்திருந்தால் அதில் களப்பணி, தகவல் சேகரிப்பு என்று தனித் தலைப்பு இருக்கும். கேள்வித்தாள் நிரப்ப, நிரப்பியதை எக்ஸெலில் ஏற்ற, பேட்டியைக் கேட்டு எழுத ஆள் வேண்டும். நீங்கள் படிப்பது காமர்ஸ் என்பதால் பொருளியல், சமூகவியல் பக்கம் போகாமல் இருந்துவிடாதீர்கள். எக்ஸெல் ஒழுங்காகத் தெரிந்த பிள்ளை எந்தத் துறைக்கும் வேண்டும். வீட்டில் படுகு பேசுகிறவர், இருளர் மொழி தெரிந்தவர், குறும்பர் குடும்பத்துப் பிள்ளை என்றால் அதை முதல் வரியில் சொல்லுங்கள். வெளியூரிலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்கள் ஒரு கிராமத்து வாசலில் போய் நின்று, பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் அந்த மொழிக்காரப் பெண் ஒருத்தி இருந்தால் அரைமணி நேரத்தில் டீ வந்துவிடும், பேட்டியும் நடந்துவிடும். இந்தத் திறமையை நம் பிள்ளைகள் இனாமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இனி கொடுக்காதீர்கள்.

அடுத்தது நாக் (தேசியத் தரமதிப்பீட்டுக் கவுன்சில்) வேலை. கல்லூரிக்குத் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது என்றால் ஓராண்டுக்கு முன்பே கல்யாண வீடு மாதிரி வெள்ளையடிக்கத் தொடங்கிவிடுவார்கள். பல அளவுகோல்கள், ஒவ்வொன்றுக்கும் கட்டுக்கட்டாக ஆதாரம். ஐந்து வருடத்துக் கருத்தரங்குப் படங்களைத் தேதிவாரியாகப் பிரிப்பது, வருகைப் பதிவை ஸ்கேன் செய்வது, பழைய மாணவர்களுக்குப் போன் போட்டு இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது. குழு வராத வருடத்திலும் ஆண்டறிக்கை அனுப்பியாக வேண்டும். உள்தர உறுதிப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் யார் என்று கேளுங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்த வேலையைத்தான் ‘தன்னார்வம்’ என்ற பெயரில் மாணவர்களிடம் சும்மா வாங்கும் பழக்கம் அதிகம். ஒரு நாள், இரண்டு நாள் உதவி என்றால் செய்யலாம். மாதக்கணக்கில் இழுத்தால் மரியாதையாகக் கேட்டுவிடுங்கள்.

நூலகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை, எனக்குப் பிடித்த இடம். ஊட்டி மழையில் புத்தகத்தின் முதுகில் ஒட்டிய எண் சீட்டு ஓரம் சுருண்டு, ஒரு நாள் மொத்தமாகக் கழன்று விழும். அட்டையில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை பூக்கும். வெயில் அடிக்கும் மாதங்களில் ஒவ்வொன்றாக எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, புதுச்சீட்டு ஒட்டி, மேலே டேப் போட வேண்டும். அப்புறம் இருப்புச் சரிபார்ப்பு. இது இரண்டு பேர் வேலை. ஒருவர் அலமாரியிலிருந்து எண்ணை வாசிப்பார், மற்றவர் பதிவேட்டில் டிக் போடுவார். டிக் போடுகிறவர் ஒரு வரி தவறிவிட்டால் அந்தப் பக்கம் முழுவதும் பொய்யாகிவிடும், திரும்ப முதலிலிருந்து. நிதானமான பிள்ளையாகப் பார்த்து நூலகர் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். புத்தகப் பட்டியலைக் கோஹா மாதிரியான மென்பொருளில் ஏற்றும் கல்லூரிகளில் இன்னும் வேலை மிச்சம் இருக்கும். ஒருமுறை நூலகருக்கு நம்பிக்கை வந்துவிட்டால் அடுத்த வருடமும் உங்களைத்தான் கூப்பிடுவார்.

தேர்வுப் பிரிவுப் பக்கம் போக வேண்டாம். விடைத்தாள் இருக்கும் அறைக்குள் அங்கே படிக்கிற மாணவரை விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஒரே ஒரு விதிவிலக்கு, பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்குச் சொல்வதை எழுதும் வேலை. அதற்கு மதிப்பூதியம் தருவார்கள். தேர்வு எழுதுகிறவரைவிட ஒரு படி குறைந்த படிப்பில் இருப்பவரைக் கேட்பது வழக்கம். நீங்கள் இரண்டாம் ஆண்டு என்பதால் முதுகலை மாணவர்களுக்கு எழுதலாம். கையெழுத்து தெளிவாக இருக்க வேண்டும், எழுதுகிறவர் தன் சொந்தப் புத்தியைக் காட்டக் கூடாது.

‘எர்ன் வைல் லேர்ன்’ என்று ஒரு திட்டம் இருக்கிறதாமே என்று நான்கைந்து பேர் கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டுதலில் வகுப்பு நேரத்துக்கு வெளியே, வாரத்துக்கு 20 மணி நேரம் வரை, மணிக்கணக்கில் கூலி கொடுத்து நூலகம், கணினி, ஆய்வகம், டேட்டா என்ட்ரி வேலைகளில் மாணவர்களை வைத்துக்கொள்ளலாம் என்று உண்டு. ஆனால் வழிகாட்டுதல் வந்துவிட்டது என்பதற்காகப் பணமும் கூடவே வந்துவிடாது. உங்கள் கல்லூரி அதற்கு நிதி ஒதுக்கியிருக்கிறதா என்று அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். பத்துப் பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் கல்லூரிக் குழுவில் ஒரு பொருளாகவாவது வரும்.

எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன். அரைத்தாள் போதும். பெயர், வகுப்பு, போன் நம்பர். அதன் கீழே என்ன தெரியும் என்று மூன்றே வரி: தமிழ் டைப்பிங் லோயர் முடித்திருக்கிறேன், எக்ஸெலில் பட்டியல் போடுவேன், படுகு பேசுவேன். அதற்கும் கீழே கிழமைவாரியாக எந்த நேரம் சும்மா இருப்பீர்கள் என்று எழுதுங்கள். செவ்வாய் இரண்டரை முதல் நாலரை, சனி காலை ஒன்பது முதல் ஒன்று, இப்படி. இந்தக் கடைசிப் பகுதியை யாரும் எழுத மாட்டார்கள், ஆனால் ஆள் தேடுகிறவர் அதைத்தான் முதலில் பார்ப்பார். நான்கு பிரதி எடுத்து நூலகர், ஒருங்கிணைப்பாளர், திட்டம் வைத்திருக்கும் பேராசிரியர், வார்டன் ஆகிய நால்வருக்கும் நேரில் கொடுங்கள். வார்டன் எதற்கு என்று கேட்காதீர்கள். மெஸ் கணக்கு எழுத மாதாமாதம் கையுதவி தேடுகிறவர் அவர்தான்.

இன்னொன்று, நேரம். ஜூலையில் ஒரு தடவை கொடுத்தீர்களா, ஜனவரியில் மறுபடியும் போய் நில்லுங்கள். மார்ச் 31-க்குள் செலவு செய்யாத பணம் பெரும்பாலும் திரும்பிப் போய்விடும். பிப்ரவரி பிறந்ததும், அதுவரை வேலையை ஆறப்போட்டவர்களெல்லாம் ஆள் தேடி ஓடுவார்கள். என் அனுபவத்தில் மாணவர்களுக்கான கூலிப் பட்டியல் எங்கள் மேஜைக்கு அதிகமாக வந்தது அந்த இரண்டு மாதத்தில்தான்.

*

கேள்வி: எங்கள் ஊருக்கு அருகில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. படிக்கிறேன். பேராசிரியர் ஒருவரின் ஆய்வுக்காக நானும் நண்பர்கள் இரண்டு பேரும் பந்தலூர் பக்கம் பழங்குடி கிராமங்களில் கேள்வித்தாள் நிரப்பிக் கொடுத்தோம். ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று வாயால்தான் பேசினார். ஜீப் வாடகை எங்கள் கைக்காசு. முடித்துக் கொடுத்து மாதங்கள் ஆகின்றன. கேட்டால் ‘ஃபண்டு வரட்டும்’ என்கிறார். இன்டர்னல் மார்க் அவர் கையில் இருக்கிறது. என்ன செய்வது?
(பெயர் வேண்டாம், கூடலூர் வட்டம்)

பதில்: அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆராய்ச்சிப் பணம் தவணையாகத்தான் வரும். முதல் தவணையைச் செலவு செய்து, பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பி, அதை அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே அடுத்தது வரும். நடுவில் அலுவலகத்தில் ஒரு தாள் தங்கிவிட்டால் ஆறு மாதம் போய்விடும். அந்தத் தாள் யார் மேஜையில் தங்கும் என்று என்னைக் கேட்காதீர்கள், நானும் அந்த அலுவலகத்துக்காரன்தான்.

அதனால் ‘எப்போது தருவீர்கள்’ என்று கேட்பதை நிறுத்துங்கள். ‘எங்கள் பில் கொடுத்தாகிவிட்டதா சார், எந்தத் தலைப்பில் போட்டிருக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். கேள்வியில் சண்டை இல்லை, விவரம் தெரிந்த பிள்ளைகள் என்று அவருக்கும் புரியும். கூடவே ஒரு பக்கக் கடிதம்: எந்தத் தேதியில் எந்தக் கிராமம், எத்தனை படிவம், ஜீப் வாடகை எவ்வளவு, மூன்று பேர் கையெழுத்து. ‘தங்கள் கணக்குக்கு உதவியாக இருக்கும் என்று கொடுக்கிறோம்’ என்று மரியாதையாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பிரதியில் அவரிடம் பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் நல்லது. தயக்கமாக இருந்தால் மின்னஞ்சலில் அனுப்புங்கள், தேதி தானாகவே பதிவாகிவிடும். ஜீப்காரரிடம் இப்போதாவது ஒரு ரசீது எழுதி வாங்குங்கள். வண்டி எண், தேதி, போய் வந்த இடம் மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

பணம் கொடுக்கும் நாளில் கவனம். தொகை எழுதாத வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போப்பா, அப்புறம் நிரப்பிக்கிறேன்’ என்று சொல்வார்கள். எல்லோரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, அவசரத்தில் சொல்வதும் உண்டு. ஆனால் இரண்டாயிரம் வாங்கிவிட்டு ஐயாயிரத்துக்குக் கையெழுத்துப் போட்டவராக நீங்கள் தணிக்கை அறிக்கையில் நிற்கக் கூடாது. ரொக்கமாக ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து. வங்கிக் கணக்கில் போடச் சொல்வதே மூன்று பேருக்கும் நல்லது.

இன்டர்னல் மார்க் பயம் எனக்குப் புரிகிறது. மூன்று பேரும் சேர்ந்தே போங்கள், சேர்ந்தே எழுதுங்கள், தனியாக யாரும் போய் நிற்க வேண்டாம். கடிதத்துக்குப் பதில் இல்லை என்றால் துறைத் தலைவருக்கு ஒரு பிரதி. அதற்கு மேல் போக வேண்டி வந்தால் கல்லூரியின் மாணவர் குறைதீர் குழு இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி கல்லூரிகளில் அப்படி ஒரு குழு இருந்தாக வேண்டும்.

அடுத்த முறை பழங்குடி கிராமத்துக்குப் போகும் முன், அந்த இடம் காப்புக்காட்டுக்குள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வனத்துறை அனுமதிக் கடிதத்தின் நகல் உங்கள் பையிலேயே இருக்க வேண்டும். செக்போஸ்ட்டில் யானைக் காட்டு எல்லையில் நிறுத்தப்படுவது நீங்கள், பேராசிரியர் ஊரில் இருப்பார்.

*

கேள்வி: சார், எங்கள் காலேஜில் ஒரு வேலையும் கிடையாது. சீசன் நேரத்தில் ஊட்டியில் ஹோட்டல் வேலைக்குப் போகிறேன். நல்ல காசு. இதையே தொடரலாமா?
(பி.எஸ்ஸி. மாணவர், தேவர்சோலை)

பதில்: தம்பி, முதல் சீசன் ஏப்ரல், மே. செமஸ்டர் பரீட்சையும் அதே ஏப்ரல், மே. மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் ஏறும் வாரத்தில் ஓனர் லீவு தர மாட்டார். வருகை 75 சதவீதம் இல்லையென்றால் கல்லூரி ஹால் டிக்கெட் தராது. அபராதம் கட்டித் தப்பிக்கலாம் என்று சீனியர்கள் சொல்வார்கள், அதற்கும் ஓர் எல்லை உண்டு. செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசனில் சனி, ஞாயிறு மட்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். தங்க இடம் கொடுத்தால் போங்கள், ராத்திரி பஸ்ஸை நம்பிக் கூடலூர் மலைப்பாதையில் இறங்க வேண்டாம்.

*

கேள்வி: என் மகள் குன்னூரில் படிக்கிறாள். கல்லூரி நூலகத்தில் பகுதிநேர வேலை கொடுத்து மாதம் ஏதோ ஒரு தொகை தருகிறார்கள். இதனால் புதுமைப் பெண் பணமும் ஸ்காலர்ஷிப்பும் நின்றுவிடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
(எஸ்டேட் தொழிலாளி, கொலக்கம்பை)

பதில்: புதுமைப் பெண் நிற்காது. 2022 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டம் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தாரா, இப்போது உயர்கல்வி படிக்கிறாரா என்றுதான் பார்க்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் பிறகு நீட்டித்திருக்கிறார்கள். பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன். இரண்டிலும் மாதம் ஆயிரம் ரூபாய்தான், நூலகத்தில் சீட்டு ஒட்டிச் சம்பாதித்தாயா என்று யாரும் கேட்பதில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். எஸ்டேட் கூலியோடு இந்தச் சிறு தொகையைச் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், வரம்புக்குள் இருந்தால் ஏன் பயம்?

பயப்பட வேண்டிய விஷயம் வேறொன்று இருக்கிறது, அதைப் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள். சம்பளம் போட வேறு வங்கியில் புதுக் கணக்கு தொடங்கச் சொல்வார்கள். அங்கே ஆதாரை இணைக்கும் படிவத்தில் அரசு மானியத்தை இந்தக் கணக்கில் பெற விரும்புகிறேன் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டுவிட்டால் அரசுப் பணம் பழைய கணக்கை விட்டுப் புதுக் கணக்குக்குப் போய்விடும். ‘மூணு மாசமா பணம் வரலை’ என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்த பிள்ளைகளில் பலருக்குப் பணம் வந்திருந்தது, அவர்கள் பார்க்காத பாஸ்புக்கில். முடிந்தால் இருக்கிற கணக்கையே கல்லூரிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

*

கேள்வி: கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்திருக்கிறது. சனி, ஞாயிறு ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பு வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?
(ஆய்வு மாணவி)

பதில்: போகக் கூடாது. 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. இதை வாங்கும் காலத்தில் வேறு சம்பளம் வாங்க மாட்டேன் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். தொகை இரண்டு மூன்று மாதம் தாமதமாக வருகிறது என்பது நிஜம்தான், அதற்காக விடுதி வேலைக்குப் போனால் மொத்தத்தையும் திருப்பிக் கட்டச் சொல்லும் நிலை வரலாம். உதவித்தொகை இல்லாத உங்கள் தோழிகளுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் முழுநேர ஆய்வாளர் என்றால் வழிகாட்டியிடமும் பல்கலைக்கழகத்திடமும் எழுத்து மூலம் அனுமதி வாங்கிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

*

கேள்வி: என் மகன் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போகிறான். ‘அங்கே காலேஜ் கேன்டீனில் வேலை செய்தே செலவைச் சமாளிச்சுக்குவேன், கடன் குறைவா வாங்குங்க’ என்கிறான். இது நடக்கிற காரியமா?
(தேயிலை விவசாயி, அரவேனு)

பதில்: ஐயா, சாப்பாட்டுச் செலவை ஓரளவு சமாளிப்பான். ஃபீஸைச் சமாளிக்க முடியாது. கடனைக் குறைக்காதீர்கள்.

எஃப்-1 விசாவில் போகிற மாணவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வளாகத்துக்குள் வேலை செய்யலாம், விடுமுறையில் முழுநேரமும். அந்த நாட்டு மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009-லிருந்து மணிக்கு ஏழே கால் டாலர். பல மாநிலங்களில் இதைவிட அதிகம். குறைந்த கணக்கிலேயே போட்டால் வாரம் 145 டாலர். அறை வாடகையில் ஒரு பங்கு, அரிசி, பருப்பு, அவ்வளவுதான். அதுவும் அங்கே போய் இறங்கிய வாரமே கிடைத்துவிடாது. எல்லா ஊர்ப் பிள்ளைகளும் அதே உணவுக்கூடத்தின் முன்தான் நிற்பார்கள். வேலை கிடைத்த பிறகு அந்தக் கடிதத்தையும் பல்கலைக்கழக வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டுபோய் சோஷியல் செக்யூரிட்டி எண் (சம்பளம் வாங்க அங்கே வேண்டிய அரசு எண்) வாங்க வேண்டும்.

இரண்டு விஷயத்தை மகனிடம் சொல்லிவிடுங்கள். அங்கே அறிவிப்புகளில் ‘ஒர்க் ஸ்டடி’ என்று போட்டிருக்கும் வேலைகள் அரசுப் பணத்தில் அந்த நாட்டு மாணவர்களுக்கானவை, அவற்றுக்கு விண்ணப்பித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டாவது, வளாகத்துக்கு வெளியே பெட்ரோல் பங்க், மளிகைக் கடை என்று கையில் காசு கொடுக்கும் வேலைக்கு யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது. உறவுக்காரர் கடையாக இருந்தாலும் சரி. விசாவே போய்விடும். ஃபீஸில் பெரிய தொகை குறைய வேண்டுமென்றால் அதற்கு வழி ஆசிரியருக்குப் பாடத்திலோ ஆய்விலோ உதவியாளராகச் சேர்வதுதான். எம்.எஸ். மாணவர்களுக்கு அது குறைவாகத்தான் கிடைக்கும். முதல் செமஸ்டரில் நல்ல மதிப்பெண் வாங்கிக்கொண்டு பேராசிரியரை நேரில் பார்த்துக் கேட்கட்டும்.

*

கேள்வி: நான் ஒரு தனியார் கல்லூரியில் துறைத் தலைவர். எங்கள் நிர்வாகம் மாணவர்களுக்குப் பகுதிநேர வேலை கொடுக்கச் சம்மதித்திருக்கிறது. பின்னால் பிரச்சினை வராமல் எப்படிச் செய்வது?
(உதகை)

பதில்: இப்படி ஒரு கடிதம் வந்ததே சந்தோஷம். மணிக்கு எவ்வளவு என்று குழுவில் முடிவு செய்து தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். ஆளுக்கு ஒரு கூலி வேண்டாம். வருகைத் தாளில் மாணவர் வந்த நேரம், போன நேரம் இரண்டையும் அவரே எழுதிக் கையெழுத்திட வேண்டும், மேற்பார்வையாளர் அன்றன்றே சுருக்கொப்பம் போட வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில் முப்பது நாளையும் நிரப்பிய தாளைத் தணிக்கையாளர் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். பணம் வங்கி வழியாக மட்டும். துப்புரவாளர், அலுவலக உதவியாளர் பணியிடம் காலியாக இருப்பதற்குப் பதிலாக மாணவர்களை நிறுத்தாதீர்கள். ஃபீஸ் பாக்கிக்குக் கூலியைப் பிடித்துக்கொள்ளும் யோசனை யாராவது சொன்னால் அதையும் ஒதுக்கிவிடுங்கள், மாணவர் கையில் காசு போய்ச் சேரட்டும்.

வேலையைச் சாயங்காலம் நாலரைக்கு முடித்துவிடுங்கள். மஞ்சூர், கீழ் கோத்தகிரி பக்கம் போகிற பிள்ளைகள் பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். இறங்கிய இடத்திலிருந்து வீட்டுக்குத் தேயிலைக்குள் நடக்க வேண்டும், கரடியும் காட்டெருமையும் அதே வழியில்தான் வருகின்றன. பேருந்து நேரத்தைப் பார்த்துவிட்டு வேலை நேரத்தைப் போடுங்கள்.